உயர்ந்த ஜீப்பும் எட்டாத குழாயும்

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதியவர்கள் எஞ்சினைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பந்தயங்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் வண்டியின் சட்டத்துக்கும் சக்கரம் பூட்டிய அச்சுக்கும் நடுவிலே, சுண்டுவிரல் பருமனில், ஒரு முழ நீளத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் ரப்பர்க் குழாய்க்கு அந்தப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஓட்டுகிறவனின் பாதம் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடைய இந்தக் குழாய் ஒன்றே மார்க்கம் என்பதை நினைத்தால் இந்த உதாசீனம் நியாயமானதாகத் தோன்றவில்லை. அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களில் ஜீப்பைப் பாறைகளின்மேல் ஏற்றுவதை முதலில் ஒரு வினோதமாகவும், பின்னர் ஒரு பெரிய வியாபாரமாகவும் வளர்த்த ஜனங்கள் மட்டும் இந்தக் குழாயின் மதிப்பை அறிந்திருந்தார்கள். வண்டியை நான்கு அங்குலமோ ஆறு அங்குலமோ உயர்த்திவிட்டு, அதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு பிரேக் குழாய் எட்டுகிறதா, எங்கேயாவது உரசுகிறதா என்று சோதிக்கும் வழக்கம் அவர்களிடையே உண்டாயிற்று. அந்த வழக்கத்தின் பூர்வோத்தரத்தைத்தான் இங்கே சொல்ல உத்தேசம்.

பிரேக்கில் குழாய் என்பதே இல்லாத காலம் ஒன்று உண்டு. பாதத்தின் அழுத்தத்தை இரும்புக் கம்பிகளும் எஃகு வடங்களும் நெம்புகோல்களுமே அப்போது சக்கரத்துக்குக் கொண்டு போயின. பின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் இருந்தவரையில் இந்த ஏற்பாடு ஒருவாறு நடந்தது. முன் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும் என்று வந்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. முன் சக்கரம் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி ஏறி இறங்குவதோடு நில்லாமல் இடமும் வலமும் திரும்பவும் செய்கிறதாகையால், நீளம் மாறாத ஒரு கம்பியை அதனோடு கோத்துவிட்டால், வில்பட்டை அமுங்கும்போது பிரேக் தானாகவே பிடித்துக்கொள்வதும், சக்கரம் ஒரு பக்கம் திரும்பும்போது அழுத்தம் மாறிப்போவதுமாக, யந்திர நிபுணர்களுக்கு ஓயாத தலைவேதனையாக இருந்தது. நகரும் அச்சுக்கும் நகராத சட்டத்துக்கும் இடையே உள்ள இந்தப் பிணக்கைத் தீர்ப்பதற்காகவே வளையும் குழாய் பிறந்தது என்று சொன்னாலும் தவறில்லை.

தீர்த்து வைத்தவர் மால்கம் லாக்ஹீட். தம் சகோதரர் ஆலனோடு சேர்ந்து ஆகாய விமானம் கட்டியவர் அவர். இன்று அந்தப் பெயர் விமானங்களோடேயே சேர்த்துப் பேசப்படுகிறது. 1919ல் விமானத் தொழிலை விட்டுவிட்டு, அதற்கு முன்பே உரிமை பெற்று வைத்திருந்த திரவ பிரேக்கை விருத்தி செய்வதற்காக டெட்ராயிட்டுக்குப் போனார். குழாயிலே அடைபட்ட திரவத்தை ஒரு முனையில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் மறுமுனை வரையில் போகும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த பௌதிகம். அந்தக் குழாய் வளையும் தன்மையுள்ளதாக இருந்துவிட்டால் சக்கரம் எப்படித் திரும்பினாலும் ஏறி இறங்கினாலும் பிரேக்குக்கு அதனால் யாதொரு பாதகமும் இல்லை. 1921ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், பிரான்ஸ் தேசத்து லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரிக்ஸ் பந்தயத்தில், நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் பூட்டிய டூசன்பெர்க் வண்டியை ஓட்டி ஜிம்மி மர்ஃபி என்ற அமெரிக்கர் வெற்றி பெற்றார். டூசன்பெர்க் கம்பெனி தெருவில் ஓடும் வண்டிக்கும் அதே பிரேக்கைக் கொடுத்தது. 1924ல் வால்டர் கிரைஸ்லர் தம் பெயரில் வெளியிட்ட முதல் வண்டியில், கசிந்துகொண்டிருந்த தோல் வளையங்களை நீக்கி அவருடைய பொறியாளர்கள் ரப்பர்க் கிண்ணங்களை வைத்த பிற்பாடு, இந்தப் பிரேக் சாமானிய ஜனங்களுக்கும் எட்டலாயிற்று. ஹென்றி ஃபோர்டு மாத்திரம் திரவத்தின்மேல் நம்பிக்கை வைக்காமல் இரும்புக் கம்பியையே பற்றிக்கொண்டிருந்தார். 1939 மாடலில்தான் அவருடைய பிடிவாதம் தளர்ந்தது. பெரிய மனிதர்களின் பிடிவாதம் சில சமயங்களில் ஒரு தலைமுறையின் சௌகரியத்தையே தள்ளிப்போட்டு விடுகிறது.

இவ்விதம் நிலைபெற்ற குழாய்க்கு ஒரு நீளம் உண்டு. அந்த நீளம் யாரோ ஒருவர் தீர ஆலோசித்து நிர்ணயித்தது. வண்டி நிற்கும் உயரம் இவ்வளவு, பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் அச்சு இவ்வளவு கீழே போகும், திருப்பம் இவ்வளவு என்றெல்லாம் கணக்கிட்டு, அதற்கு மேல் சிறிது தாராளமும் சேர்த்துத் தொழிற்சாலைப் பொறியாளர் குழாயை வெட்டச் சொல்கிறார். தேவைக்கு மிஞ்சி நீளமாக விட்டால் அது தொங்கி டயரில் உரசும், குறைத்தால் இழுபடும். அந்தக் கணக்கு அந்த உயரத்துக்கு மட்டுமே செல்லும்.

இனி ஜீப்புக்கு வருவோம். 1940ஆம் வருஷம் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டிருந்த சமயத்தில், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய ஓர் இலகுவான வண்டி வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளைக் கேட்டது. பென்சில்வேனியா ராஜ்யத்தில் பட்லர் என்ற ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறிய கம்பெனி, கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளரைக்கொண்டு படம் வரைந்து, முதல் வண்டியை அந்த வருஷம் செப்டம்பர் 23ஆம் தேதி மேரிலாந்திலுள்ள ஹோலபேர்டு ராணுவ முகாமில் கொண்டுபோய் நிறுத்திற்று. சிறியவன் கண்டுபிடித்ததைப் பெரியவர்கள் செய்து குவிப்பது உலக வழக்கம். யுத்தம் முடிவதற்குள் டொலீடோ நகரத்து வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் 80 அங்குலம் இடைவெளி; இரண்டும் கெட்டியான ஒற்றை அச்சுகள்; அவற்றின் அடியிலே வில்பட்டைகள்; நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்; அத்தனை பிரேக்குக்கும், பாதத்தின் அழுத்தத்தைத் திரவத்தில் ஏற்றும் ஒரே மாஸ்டர் சிலிண்டர். கடைசியாகச் சொன்ன விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யுத்தத்துக்குப் பிறகு வில்லிஸ் கம்பெனி 1945ல் சி.ஜே. என்ற பெயரில் அதே வண்டியை உழவர்களுக்கு விற்கத் தொடங்கிற்று. ஏரிழுக்கவும் மூட்டை சுமக்கவும் வந்த வண்டி, சில வருஷங்களுக்குள் மலையேறத் தொடங்கிவிட்டது. கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடரைக் குறுக்காகக் கடந்து தாஹோ ஏரிப் பக்கமாகப் போகும் ரூபிகான் பாதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தாது நீரூற்று ஒன்றின் அருகே இருந்த விடுதிக்குக் குதிரை வண்டிகள் போன பழைய வழி. விடுதி அழிந்துபோய், பாதையில் கருங்கற் பாளங்களும் உருண்டைப் பாறைகளுமே மிஞ்சின. 1953ல் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரைச் சேர்ந்த மார்க் ஸ்மித் முதலானோர் அந்த வழியாக ஜீப் யாத்திரை ஒன்றை நடத்தினார்கள். ஊருக்கு நாலு பேர் வந்து போகட்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். ஆனால் அந்த யாத்திரை வருஷா வருஷம் நடக்கும் உற்சவமாகிவிட்டது. யூட்டா ராஜ்யத்து மோவாப் ஊருக்கு வேறு கதை. 1952ல் சார்லி ஸ்டீன் என்பவர் அதன் அருகே யுரேனியம் கண்டுபிடித்ததும், அணுகுண்டுக் காலத்தின் பேராசை ஆயிரக்கணக்கானவர்களை அந்தச் செம்பாறைப் பாலைவனத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது. அவர்கள் மண்வாரி யந்திரங்களால் பாறை விளிம்புகளில் வெட்டிய வழிகள், யுரேனிய மோகம் தணிந்த பிறகு யாருக்கும் வேண்டாதவையாய்க் கிடந்தன. 1967ல் அவ்வூர் வர்த்தகர் சங்கம் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி ஜீப் பயணம் ஒன்றை ஆரம்பித்தபோது அந்த வழிகளுக்கு மறுபிறவி கிடைத்தது.

பாறையில் ஏறுகிறவனுக்கு வண்டியின் உயரம் போதவே போதாது. ராணுவ ஜீப்பின் டயர் சுமார் 28 அங்குல விட்டம் உள்ளது. அதைவிடப் பெரிய டயர் வேண்டும், அது மேல் தகட்டில் இடிக்காமல் இருக்க வண்டி உயர வேண்டும். ஆரம்பத்தில் இதற்குக் கடையில் சாமான் கிடைக்கவில்லை. அவரவர் சொந்தப் பட்டறையில் கைக்குக் கிடைத்ததைக்கொண்டு செய்து பார்த்தார்கள். வில்பட்டையின் முனையில் தொங்கும் ஷேக்கிளை நீளமாக வெட்டிப் போட்டார்கள். பட்டைக் கட்டில் ஒன்றிரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் செருகினார்கள். தைரியசாலிகள் அச்சின் அடியிலே இருந்த பட்டையை எடுத்து அச்சின் மேலே ஏற்றி வெல்டு வைத்தார்கள். இந்தக் கடைசி வித்தையில், அச்சுக் குழலின் பருமனும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்து, வண்டி ஒரே பாய்ச்சலில் ஐந்து அங்குலத்துக்குக் குறையாமல் மேலே போய்விடும். பிறகு ராஞ்சோ போன்ற கம்பெனிகள் கலிபோர்னியாவிலும், எழுபதுகளில் லூசியானா ராஜ்யத்து மன்ரோ நகரச் சுற்றுப்புறத்திலும் தோன்றி, பட்டை, சாக் அப்சார்பர், யு போல்ட்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கின.

வண்டி உயர்ந்தது, பிரேக் குழாய் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதை உணராதவர்களே அதிகம். சமதரையில் நிற்கும் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால், உயர்த்திய பிறகும் குழாய் சற்றே விறைப்பாக இருக்கலாமேயொழியப் பார்வைக்குக் குற்றம் சொல்ல ஏதுமிராது. ஊருக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தாலும் பிரேக் நன்றாகவே பிடிக்கும். ஆபத்து தெரிவது சக்கரம் தொங்கும்போது. பழைய வண்டியில் அச்சு எவ்வளவு தூரம் கீழே தொங்கலாம் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையைக் காத்து நின்றது பெரும்பாலும் சாக் அப்சார்பர்தான். அது முழுவதும் நீண்டு நின்றுவிட்ட பிறகு அச்சு கீழே போக முடியாதாகையால், பக்கத்திலே தொங்கும் குழாய்க்கும் அது, தான் அறியாமலே, காவலாக இருந்து வந்தது. உயர்த்துகிறவன் செய்கிற முதல் காரியம் அந்தக் காவற்காரனை நீக்கிவிட்டு நீளமான சாக் அப்சார்பரைப் பூட்டுவது. அதன் பின்னர், பள்ளத்தின் மேலே அந்தரத்தில் ஒரு சக்கரம் தொங்கும் கணத்தில், அச்சின் பாரத்தை முதலில் தாங்குவது பட்டையுமில்லை, சாக் அப்சார்பருமில்லை. பாவம், அந்த ரப்பர்க் குழாய்தான்.

அமெரிக்க அரசாங்கத்தின் 106ஆம் நம்பர்ப் பாதுகாப்பு விதி பிரேக் குழாயை எப்படியெல்லாம் வதைத்துப் பார்க்க வேண்டும் என்று விஸ்தாரமாகக் கூறுகிறது: யந்திரத்தில் பூட்டி 35 மணி நேரம் இடைவிடாமல் சுழற்றி வளைக்க வேண்டும், மெல்லிய குழாயானால் சதுர அங்குலத்துக்கு 7,000 பவுண்டு அழுத்தத்துக்குள் வெடிக்கக் கூடாது, இழுத்துப் பார்க்கையில் 325 பவுண்டு வரையில் கழன்று வரக் கூடாது. அழுத்தத்துக்குக் கொடுத்திருக்கும் தாராளத்தோடு ஒப்பிட்டால் இழுவைக்குக் கொடுத்திருப்பது சொற்பம். முன்னச்சோடு பெரிய டயர் பூட்டிய இரண்டு சக்கரங்களும் சேர்ந்தால் அந்த எடையைச் சுலபமாகத் தாண்டிவிடும். குழாய் அழுத்தம் தாங்கவும் வளையவும் படைக்கப்பட்டது. வடம்போல் பாரம் தாங்கப் படைக்கப்பட்டதன்று.

அறுந்தால் என்ன ஆகும்? ஒரே மாஸ்டர் சிலிண்டர் என்று முன்னே சொன்னேன். எந்த ஒரு குழாய் அறுந்தாலும் பிரேக் ஆயில் முழுவதும் அந்த வழியாக வெளியே போய், நான்கு சக்கரங்களும் ஒரே சமயத்தில் கைவிட்டு விடும். அதுவும் மலைச் சரிவில் வண்டி முழு எடையோடு சாய்ந்திருக்கும் நேரத்தில். 1968ஆம் வருஷ ஆரம்பத்திலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு இரட்டைப் பாதை பிரேக் கட்டாயமாக்கப்பட்ட பின்னர், ஒரு குழாய் போனால் பாதி பிரேக்காவது மிஞ்சும் என்ற நிலை வந்தது. பாதி பிரேக்கோடு செங்குத்துச் சரிவில் இறங்குவது பெரிய ஆறுதல் என்று நான் கருதவில்லை. அறுவதைக்காட்டிலும் மோசமான ஒரு வியாதியும் உண்டு: இழுபட்ட குழாயின் மேல்தோல் நன்றாகவே இருக்க, உட்புறத்து ரப்பர் கிழிந்து ஒரு கதவுபோல் மடிந்துகொள்ளும், அழுத்தினால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது, சக்கரம் பிடித்தபடியே ஓடிச் சூடேறும், அல்லது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். காரணம் தெரியாமல் வீல் சிலிண்டரையும் பிரேக் ஷூவையும் மாற்றி மாற்றிப் பணம் செலவழித்தவர்கள் எல்லா தேசத்துப் பட்டறைகளிலும் உண்டு.

இத்தகைய அநுபவங்களிலிருந்தே சோதனை ஒரு சம்பிரதாயமாக உருவாயிற்று. வண்டியின் சட்டத்தின் அடியில் ஸ்டாண்டுகளைக் கொடுத்து நிறுத்திவிட்டு, அச்சைத் தாங்கியிருக்கும் ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அச்சு தன் பாரத்தாலேயே எவ்வளவு தொங்குமோ அவ்வளவும் தொங்க விடுவார்கள். ஒருவர் ஜாக்கியை இறக்க மற்றொருவர் குழாயின்மேல் கண் வைத்திருப்பார். குழாய் நிமிர்ந்து நேர்க்கோடாகத் தொடங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டியது. அது சரியாயிருந்தாலும் சோதனை முடிந்ததாகாது. இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தொங்குவதைவிட, ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி அமுங்கியிருக்க மற்றது பள்ளத்தில் தொங்கும்போதுதான் தொங்கும் பக்கம் அதிக தூரம் கீழே போகும். ஆகவே ஒரு முனையை மாத்திரம் ஜாக்கியால் மேலே தள்ளி, மறுமுனையைப் பார்க்க வேண்டும், பிறகு பக்கம் மாற்றி அதையே செய்ய வேண்டும். இந்த ஒவ்வொரு நிலையிலும் ஸ்டியரிங்கை இடக் கோடிக்கும் வலக் கோடிக்கும் திருப்பிப் பார்ப்பது அவசியம். நேராக நிற்கையில் தாராளமாயிருந்த குழாய், சக்கரம் முழுதும் திரும்பியதும் ஒரு விரற்கடை குறைந்துபோவதுண்டு. அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்தத் திருப்பத்தைத்தான்.

தொங்குவதை மட்டும் பார்த்துவிட்டு அமுங்குவதைப் பார்க்காமல் விடுவது மற்றொரு பிழை. குழாய் எட்டவில்லையே என்று மிக நீளமான ஒன்றை வாங்கிப் போட்டால், அச்சு மேலே வரும்போது அது வளையமாகச் சுருண்டு டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே அகப்படும். சுருள்வில்லின் இடுக்கில் மாட்டும். புகைபோக்கிக் குழலின் சூட்டில் வாடும். ஆகையால் சக்கரங்களைத் திரும்பப் பூட்டி, அச்சை மேலே கோடி வரையில் தூக்கி, பெரிய டயரின் பற்கள் எங்கே வருகின்றன என்று பார்க்காமல் சோதனை பூர்த்தியாவதில்லை. முதல் மலைப் பயணம் முடிந்து வந்ததும் மறுபடியும் ஒரு தரம் படுத்துப் பார்த்தால், உரசிய இடம் மினுக்கென்று தேய்ந்து தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பின்னச்சுக்குப் போகும் ஒற்றைக் குழாயை மறந்துவிடுகிறவர்கள் பலர்; கண்ணுக்கு எதிரே முன் சக்கரங்கள் இரண்டிருக்க, நடுவிலே இருட்டில் தொங்குவதை யார் நினைக்கிறார்கள்!

குறை கண்டவர்கள் கையாண்ட பரிகாரங்கள் மூன்று விதம். சட்டத்தில் குழாயைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டைக் கழற்றி, உயர்த்திய அளவுக்கு ஒரு துண்டுத் தகடு வைத்துக் கீழே இறக்குவது மலிவானது. ஆனால் அதற்காக அங்கே வந்து சேரும் எஃகுக் குழாயையும் வளைக்க வேண்டியிருக்கும், அது மடங்கிவிட்டால் முழுவதையுமே மாற்ற நேரும். நீளமான ரப்பர்க் குழாய் போடுவது நேர்மையான வழி. எஃகு நூலால் பின்னிய குழாய் என்பது விமானங்களிலிருந்தும் பந்தய வண்டிகளிலிருந்தும் வந்தது. கல் பட்டாலும் தாங்கும், அழுத்தத்தில் உப்பாது. ஆயினும் ஆரம்ப காலத்துப் பின்னல் குழாய்கள், சாலைக்கு உரியவை அல்ல என்ற முத்திரையோடுதான் விற்றன. எதைப் போட்டாலும் பழைய செப்பு வாஷர்களை எறிந்துவிட்டுப் புதியவை போட வேண்டும். குழாயை முறுக்கேறாமல் பூட்ட வேண்டும். கடைசியில் ஏர் எடுக்க, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பாஹா பாலைவனத்தில் 1967 முதல் நடந்து வரும் நெடும் பந்தயத்தில் ஓடிய வண்டிக்காரர்கள் கையாண்ட இன்னொரு உபாயம் எனக்கு எல்லாவற்றிலும் உத்தமமாகப் படுகிறது: அச்சையும் சட்டத்தையும் உறுதியான நைலான் வாரால் இணைத்து, குழாய் இழுபடுவதற்கு முன்பே அந்த வார் இறுகி நிற்கும்படி செய்துவிட்டார்கள். நீக்கப்பட்ட காவற்காரனுக்குப் பதிலாக வேறொரு காவற்காரன்!

1970ல் இங்கிலாந்தில் ரேஞ்ச் ரோவரும், 1997 மாடல் ராங்ளர் ஜீப்பும் நான்கு மூலையிலும் சுருள்வில்லோடு வந்த பிற்பாடு சக்கரங்கள் முன்னைவிட வெகு தூரம் தொங்கின. ஆகவே இந்தச் சோதனையின் முக்கியத்துவம் குறையாமல் அதிகரித்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் வந்ததும் குழாயோடு கூடவே ஒரு மெல்லிய மின்கம்பியும் தொங்கலாயிற்று. குழாயை நீட்டிவிட்டுக் கம்பியை மறந்தவர்களுக்குப் பாதி வழியில் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நம் நாட்டிலும், 1940களின் கடைசியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனி கோத்து விற்கத் தொடங்கிய ஜீப்பின் வம்சத்து வண்டிகளைத் தேயிலை மலைகளில் இன்றும் காணலாம். அவற்றை உயர்த்தும் ஆசை இளைஞர்களுக்கு இல்லாமலில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழில் கண்டபடி அல்லாமல் வண்டியை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. அமெரிக்காவிலோ, ராஜ்யத்துக்கு ஒரு விதியாக, உயரத்துக்கு அளவு வைத்து அநுமதிக்கிறார்கள்.

பட்டறைகளில் பிறந்த இந்தக் கலையைக் கடைசியில் தொழிற்சாலையே சுவீகரித்துக்கொண்டது. யுத்த காலத்து ஜீப் பிறந்த அதே டொலீடோ நகரத்தில் செய்யப்படும் ராங்ளர் வண்டிக்கு, இரண்டு அங்குலம் உயர்த்தும் பெட்டியை அதன் கம்பெனியே விற்கிறது. 2021ல் ஒன்றரை அங்குலம் உயர்த்தி 35 அங்குல டயர் பூட்டிய வண்டியையே விலைக்குக் கொண்டுவந்தது. அந்த வண்டியின் குழாய் நீளத்தை மறுபடியும் ஒரு பொறியாளரே கணக்கிட்டிருக்கிறார்; வாங்குகிறவன் தரையில் படுக்க வேண்டிய அவசியமில்லை. பழைய சி.ஜே.யை வாங்கி, பட்டையை அச்சின் மேலே ஏற்றி வெல்டு வைக்கிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஜாக்கியை இறக்க ஒரு சிநேகிதனையும் கையில் ஒரு டார்ச் விளக்கையும் அவன் இன்றும் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.